நன்னீர்த் தொட்டியில் நத்தைகள்: இருக்கட்டுமா, எடுத்துவிடவா?

கேள்வி: சிறுவாணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். கோவையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டடி நீளத் தொட்டி ஒன்றை வைத்திருக்கிறேன். ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் அந்தத் தொட்டியில் கப்பிகளும் சில கோரிடோரஸ் மீன்களும் உள்ளன. அடியில் மெல்லிய ஆற்று மணல், அதில் வாலிஸ்னேரியா, மரக்கட்டையில் கட்டிய ஜாவா ஃபெர்ன், ஓரத்தில் ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், இவ்வளவுதான். குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரை வாளியில் பிடித்து, ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் வாங்கிய செடிக்கட்டோடு நத்தைகளும் வந்துவிட்டன. முதலில் ஒன்றிரண்டாகத் தெரிந்தவை இப்போது கண்ணாடி முழுவதும் ஊர்கின்றன. தட்டையாகச் சுருண்ட பழுப்பு நிற நத்தை ஒரு வகை. தேன் நிறத்தில் கூர்முனையோடு சற்று வேகமாக ஊர்வது இன்னொரு வகை. இரவில் விளக்கை அணைத்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், பகலில் கண்ணிலேயே படாத நீண்ட கூம்பு வடிவ நத்தைகள் மணலிலிருந்து மேலே வந்திருக்கின்றன. இவை போதாதென்று, மகள் ஆசைப்பட்டாள் என்பதற்காக மஞ்சள் நிற மிஸ்டரி நத்தைகள் இரண்டை விலை கொடுத்தும் வாங்கியிருக்கிறோம். தாமாக வந்தவை செழித்துக் கிடக்க, காசு கொடுத்து வாங்கிய இரண்டின் ஓட்டு முனை மட்டும் வெளுத்து, பள்ளம் பள்ளமாக அரித்துக்கொண்டு போகிறது.

மீன் கடையில் கேட்டபோது, ஒரு மருந்தை ஊற்றினால் மறுநாள் காலையில் ஒரு நத்தைகூட மிஞ்சாது என்றார்கள். என் கொழுந்தனாரோ, நத்தைகள் மீன் கழிவைத் தின்றுவிடும், தண்ணீர் மாற்றும் வேலையே மிச்சம், ஆகவே ஒன்றையும் எடுக்காதீர்கள் என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? தொட்டியில் நத்தை இருப்பதால் உண்மையிலேயே நன்மை உண்டா? அனுபவமுள்ளவர்கள் சற்று விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


மறுமொழி: பாசிநேசன், சென்னை

வணக்கம் அம்மா. இருவர் சொல்வதும் சரியில்லை. கடைக்காரர் சொன்னது ஆபத்தானது; உங்கள் கொழுந்தனார் சொன்னது ஆபத்தில்லாத தவறு, அவ்வளவுதான் வேறுபாடு.

முதலில் எவை வந்திருக்கின்றன என்று பார்ப்போம். தட்டையாகச் சுருண்டது ராம்ஸ்ஹார்ன். தேன் நிறத்தது பெரும்பாலும் பிளாடர் நத்தையாக இருக்கும். ஒன்றை எடுத்து, கூர்முனை மேலேயும் ஓட்டின் வாய் உங்களைப் பார்த்தும் இருக்குமாறு பிடியுங்கள். வாய் இடப்பக்கம் இருந்தால் பிளாடர்தான், ஏனெனில் பெரும்பாலான நத்தைகளுக்கு அது வலப்பக்கம் இருக்கும். மணலுக்குள் ஒளிந்திருப்பது மலேசியன் ட்ரம்பெட். பெயரில்தான் மலேசியா, நம் ஊர்க் குளங்களிலும் வாய்க்கால்களிலும் இயல்பாகவே வாழும் உயிர் அது. பிளாடர்தான் வட அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய வந்தேறி.

ராம்ஸ்ஹார்னும் பிளாடரும் இருபால் உயிரிகள்; துணை கிடைக்காத நத்தை தன்னந்தனியாகவே கருவுற்று முட்டையிட்டுவிடும். இலையின் அடிப்பக்கத்தையும் கண்ணாடி மூலைகளையும் பாருங்கள், தெளிவான கூழ்ப்படலத்துக்குள் சிறு புள்ளிகளாக முட்டைகள் தெரியும். ட்ரம்பெட் முட்டையிடுவதில்லை; பெண் நத்தை ஆணில்லாமலேயே கருத்தரித்து, ஓட்டோடு கூடிய குட்டிகளை ஈனும். எனவே எந்த வகையானாலும் ஒன்று உள்ளே வந்தால் போதும். அப்படி வந்த ஒன்று இருபதாக நிற்குமா, இரண்டாயிரமாகுமா என்பதை முடிவு செய்வது உணவுதான். நத்தைக்கென்று நான் எதுவும் போடுவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். மீனுக்குப் போட்டதில் மிஞ்சியதுதான் நத்தையாக மாறியிருக்கிறது. கோரிடோரஸுக்கென்று அடியில் மூழ்கும் உருண்டைகளைப் போடுகிறவர்கள் வீட்டில் இது மிகுதியாக நடக்கும். இரவு போட்ட உருண்டை காலைவரை மணலில் கரைந்துகொண்டு கிடந்தால் ட்ரம்பெட்டுகளுக்கு அது விருந்து. வாரத்துக்கு வாரம் நத்தை கூடிக்கொண்டே போனால் நீங்கள் போடும் தீனி கூடுதல் என்று பொருள். என்னைக் கேட்டால், பாசி தின்பதைவிட இந்தக் கணக்கைக் காட்டிக்கொடுப்பதே நத்தையால் கிடைக்கும் பெரிய நன்மை.

பாசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடியில் படரும் மெல்லிய பச்சைப் படலத்தையும், புதுத் தொட்டியில் வரும் பழுப்புப் பூச்சையும் இவை மேய்கின்றன. முடிபோல நீளும் பாசியையும், இலை ஓரத்தில் கருந்தூரிகைபோல முளைக்கும் பாசியையும் பெரும்பாலும் தொடுவதில்லை. அழுகத் தொடங்கிய இலையைத் தின்னும். கட்டைக்குப் பின்னால் ஒரு கப்பி இறந்துகிடந்தால் உங்களுக்கு முன்னால் நத்தைகள்தான் கண்டுபிடிக்கும். ராம்ஸ்ஹார்ன் செடியைத் தின்கிறது என்று பலர் குறைகூறுவார்கள். கூர்ந்து பார்த்தால் அது தின்பது பெரும்பாலும் ஏற்கெனவே மஞ்சளித்த இலையாகவே இருக்கும். உயிருள்ள செடியை வெட்டித் தின்பது வயல்களில் கிடைக்கும் பெரிய ஆப்பிள் நத்தை. கிராமத்திலிருந்து யாரேனும் அதைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கித் தொட்டியில் போட்டுவிடாதீர்கள்.

ட்ரம்பெட்டுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உங்கள் தொட்டியில் இருப்பதைப்போன்ற மெல்லிய மணல் நாளடைவில் இறுகி, காற்றுப் புகாத இடங்கள் உண்டாகும்; இவை ஓயாமல் புகுந்து புறப்படுவதால் மேல்மணல் இளகியே இருக்கும். பகலில் ஒளிந்திருக்க வேண்டிய இவை, கோடைக்கால விடியற்காலையில் கூட்டமாகக் கண்ணாடியில் ஏறி நீர்மட்டத்தை ஒட்டி நின்றால், தண்ணீரில் பிராணவாயு குறைந்திருக்கலாம், அல்லது வேறு ஏதோ கெட்டிருக்கலாம். உடனே காற்றுக் குழாயைக் கூட்டிவைத்து, கொஞ்சம் தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.

தண்ணீர் மாற்ற வேண்டாம் என்ற கூற்றுக்கு வருகிறேன். நத்தை தின்றால் நத்தையும் கழிக்கும். மீன் கழிவானாலும் நத்தைக் கழிவானாலும் முடிவில் அம்மோனியாதான். அதை உங்கள் ஸ்பான்ஜில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டில் செடிகள் எடுத்துக்கொண்டது போக மிச்சம் தண்ணீரிலேயே தங்கும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றும் வழக்கத்தை எந்த நத்தைக்காகவும் விடக்கூடாது.

மருந்து வேண்டவே வேண்டாம். நத்தைக்கொல்லியாக விற்கப்படுபவற்றில் பலவும் தாமிரம் கலந்தவை. நம் ஊரில் மயில்துத்தம் என்கிறோமே, அதுதான். அது நல்ல நத்தை, கெட்ட நத்தை என்று பார்க்காது, ஆகவே மகளின் மிஸ்டரி நத்தைகளும் போய்விடும். கோரிடோரஸ்களுக்கும் தாமிரம் ஒத்துக்கொள்வதில்லை. உப்புக்கள் குறைந்த மென்னீரில் தாமிரத்தின் நச்சு மேலும் கடுமையாகும், உங்கள் சிறுவாணித் தண்ணீரோ மென்மைக்குப் பேர்போனது. இவற்றையெல்லாம்விடப் பெரிய இடர், மணலுக்குள் நூற்றுக்கணக்கான ட்ரம்பெட்டுகள் ஒரே இரவில் செத்து அழுகுவது. 50 லிட்டர் தண்ணீரில் அந்த அழுகல் கிளப்பும் அம்மோனியா மீன்களையும் கொன்றுவிடும்.

குறைக்க எளிய வழி இருக்கிறது. தீனியை இரண்டு நிமிடத்தில் தீரும் அளவுக்குச் சுருக்குங்கள். இரவு விளக்கணைக்கும்போது, லேசாக வேகவைத்த வெள்ளரித் துண்டு ஒன்றை எஃகு முட்கரண்டியில் குத்தி அடியில் போடுங்கள். காலையில் விளக்குப் போடுவதற்கு முன் அப்படியே தூக்கினால் நத்தைகள் அப்பிக்கொண்டு வரும். சில வாரங்கள் விடாமல் செய்தால் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும். தீனியைக் குறைக்காமல் வெள்ளரியை மட்டும் நம்பினால், எடுத்த அளவுக்கு மீண்டும் பிறந்துவிடும்.


மறுமொழி: அயிரை

பாசிநேசன் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் நத்தைகளுக்கு அவர் சற்றுத் தாராளமாகவே நற்சான்று கொடுத்துவிட்டார் என்று தோன்றுகிறது.

நான் ஏஞ்சல் மீன்களையும் டெட்ராக்களையும் குஞ்சு பொரிக்க வைப்பவன். முட்டையிடும் தொட்டியில் நத்தை ஒன்றைக்கூட அனுமதிப்பதில்லை. சிறு நத்தைகள் பூஞ்சணம் பிடித்து வெளுத்த முட்டைகளை மட்டுமே தின்னும் என்று வாதிடுவோர் உண்டு. அது உண்மையாகவே இருந்தாலும், இருட்டில் நல்ல முட்டை எது, கெட்ட முட்டை எது என்று நத்தைக்குத் தேர்வு வைத்துப் பார்க்க நான் தயாராக இல்லை. குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகு நிலைமை வேறு. அப்போது குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடும் ஆர்ட்டீமியா என்ற நுண்ணிறாலில் அடியில் தங்கும் மிச்சத்தைத் தின்ன இரண்டு மூன்று ராம்ஸ்ஹார்ன்களை நானே எடுத்துப் போடுவேன். சகோதரியின் தொட்டியில் இருப்பவை குட்டி போடும் கப்பிகள் என்பதால் இந்தக் கவலை அவருக்கு அவ்வளவாக இல்லை.

அதேபோல் ஸ்பான்ஜ் ஃபில்டர் வைத்திருப்பதால் ஒரு தொல்லையிலிருந்து தப்பியிருக்கிறார். மோட்டார் வைத்த ஃபில்டர்களில் பொடி நத்தைகள் உள்ளே இழுக்கப்பட்டு, சுழலும் விசிறியில் சிக்கி, கடகடவென்று சத்தம் வந்து நின்றுபோவது வழக்கமான ஒன்று.

நெரைட் நத்தை பெருகாது, அதை வாங்குங்கள் என்று யாராவது சொல்வார்கள். பெருகாது என்பது சரியே. அதன் இளம் உயிரிகளுக்கு உவர்நீர் வேண்டும், நன்னீரில் அவை பிழைப்பதில்லை. ஆனால் முட்டையிடுவதை அது நிறுத்தாது. கட்டையிலும் கல்லிலும் எள் ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக முட்டைகள் ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டினாலும் வராது. பாசி தின்பதில் அதற்கு இணை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். குளம், ஏரி, வயல்களிலிருந்து நத்தை பிடித்து வந்து தொட்டியில் விடக்கூடாது. நம் நீர்நிலைகளில் இயல்பாக வாழும் ராம்ஸ்ஹார்ன் வகை, கால்நடைகளின் இரத்தக் குழாய்களில் வாழும் ஒட்டுண்ணித் தட்டைப்புழுக்களின் இடைநிலை விருந்தோம்பி, அதாவது அந்தப் புழு தன் இளம்பருவத்தைக் கழிக்கும் உயிர். அந்தப் புழுவின் இளநிலை நம் கைத்தோலில் நுழைந்தால் அரிப்பும் தடிப்பும் வரும். தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே வளர்ந்த நத்தைகளிடம் இந்த அச்சம் இல்லை, ஏனெனில் புழுவின் வாழ்க்கைச் சுற்று முடிய ஆடு மாடு போன்ற விலங்கு ஒன்று வேண்டும்.


சிறுவாணிக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. மருந்து வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். கோரிடோரஸுக்கு இரவில் உருண்டை போடும் வழக்கம் எனக்கும் உண்டு. இனி பாதியாகக் குறைக்கிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம் இருக்கின்றன. மிஸ்டரி நத்தையின் ஓடு அரிப்பதற்குத் தண்ணீர்தான் காரணமா, அப்படியானால் மற்ற நத்தைகள் எப்படி நன்றாக இருக்கின்றன? நத்தை தின்னும் மீன் ஒன்றை வாங்கி விட்டால் வேலை எளிதாகுமே, அது சரிப்படுமா?


மறுமொழி: கிணற்றடி, யாழ்ப்பாணம்

வணக்கம் சகோதரி. ஓட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

எங்கள் குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் கிணற்று நீர் முழுவதும் வன்னீர். தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டக் கோடு நெடுகிலும் வெள்ளை உப்புப் படிவதுதான் இங்கே தொல்லை. நத்தை ஓடு அரித்ததாக இங்கே ஒருவரும் முறையிட்டு நான் கேட்டதில்லை. உங்கள் நிலை இதற்கு நேர் எதிரானது. ஓடு பெரும்பாலும் கல்சியம் கார்பனேட். தண்ணீரில் கல்சியம் குறைவாகவும் அமிலத்தன்மை மிகுந்தும் இருந்தால் ஓட்டின் பழைய பகுதியாகிய முனை மெல்லக் கரையத் தொடங்கும். குழாயில் வரும்போது பிஎச் (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 7-க்கு அருகில் இருந்தாலும், ஃபில்டர் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையைச் செலவழித்துக்கொண்டே இருப்பதால், மென்னீர்த் தொட்டியில் பிஎச் நாளடைவில் 7-க்குக் கீழே சரியும். மரக்கட்டையிலிருந்து இறங்கும் சாயமும் அதற்குத் துணைபோகும். ஒரு சோதனைப் பட்டையால் தொட்டித் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் தனித்தனியே சோதித்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

மற்ற நத்தைகள் நன்றாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ட்ரம்பெட் ஒன்றை உள்ளங்கையில் வைத்து அதன் கூர்முனையைப் பாருங்கள். அதுவும் வெளுத்து மழுங்கியிருக்க வாய்ப்புண்டு. பிளாடரும் ராம்ஸ்ஹார்னும் சிறியவை, வாழ்நாளும் குறைவு, ஆகவே அரிப்பு கண்ணில் படுமுன் அடுத்த தலைமுறை வந்துவிடுகிறது. மிஸ்டரி நத்தை பெரிய ஓட்டை விரைவாகக் கட்டுவதால் குறை அதில்தான் முதலில் தெரியும்.

நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கிடைக்கும். நன்றாகக் கழுவி ஒரு துண்டைத் தொட்டியில் போடுங்கள். முதலில் மிதந்து, ஊறியபின் மூழ்கும். நத்தைகள் அதைச் சுரண்டித் தின்னும். கழுவிய பவளத் துண்டுகளையோ சுண்ணாம்புக்கற்களையோ ஒரு சிறு துணிப்பையில் கட்டி, ஸ்பான்ஜிலிருந்து குமிழி எழும் இடத்துக்கு அருகில் வைத்தால் கல்சியமும் காரத்தன்மையும் மெதுவாக ஏறும். மெதுவாக ஏறுவதுதான் நல்லது. ஒரே நாளில் தண்ணீரை மாற்றியமைத்தால் மீன்கள் அதிர்ச்சியுறும். கப்பிகளும் சற்று வன்னீரையே விரும்புகிறவை, ஆகவே அவற்றுக்கும் இது இலாபம். கோரிடோரஸ் மென்னீர் மீன் என்பதால் அளவோடு பாவியுங்கள். வேகவைத்த கீரையை வாரம் ஓரிருமுறை நத்தைக்குக் கொடுக்கலாம், மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அரித்த முனை மீண்டும் வளராது. முன்னேற்றம் தெரிவது ஓட்டின் வாயோரத்தில். அங்கே புதிதாக வளரும் பட்டை வழவழப்பாகவும் ஒரே நிறமாகவும் இருந்தால் தண்ணீர் சீராகிவிட்டது. நம் நாட்டு வெப்பத்தில் மிஸ்டரி நத்தை பெரும்பாலும் ஓராண்டைச் சுற்றியே வாழ்கிறது, அதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இரண்டில் ஒன்று ஆணும் மற்றொன்று பெண்ணுமாக இருந்தால், நீர்மட்டத்துக்கு மேலே கண்ணாடியில் இளஞ்சிவப்பு முட்டைக்கொத்து தென்படும். வேண்டாமென்றால் சுரண்டி எடுத்து, உறைபெட்டியில் வைத்துப் பிறகு குப்பையில் போடுங்கள். சாக்கடையிலோ குளத்திலோ போடக்கூடாது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இதன் நெருங்கிய உறவான தங்க ஆப்பிள் நத்தையை உணவுக்கென்று 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தைவான், பிலிப்பைன்ஸ் எனப் பரவி, இளம் நெற்பயிரைத் தின்னும் பெருங்கேடாகிவிட்டது. இந்தப் பக்கம் நெல் விளையும் நிலம் என்பதை மறக்க வேண்டாம்.


மறுமொழி: பாசிநேசன், சென்னை

கடல்நுரை நல்ல யோசனை. கடையில் விற்கும் விலையுயர்ந்த கனிம உருண்டைகளைவிட மலிவு.

நத்தை தின்னும் மீனைப் பற்றி: உங்கள் தொட்டிக்கு எதுவும் பொருந்தாது. எல்லோரும் முதலில் சொல்லும் கிளவுன் லோச், கடையில் விரல்நீளம் இருக்கும். வளர்ந்தால் ஓர் அடியை எட்டக்கூடியது, கூட்டமாக வாழ்வது, 20 ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியது. நத்தைக்காக அதை இரண்டடித் தொட்டியில் அடைப்பது நியாயமன்று. கேரள ஆறுகளிலிருந்து வரும் குட்டிப் பஃபர் ஓர் அங்குல மீன், நத்தையைத் தேடித் தேடித் தின்னும்; கப்பிகளின் வாலையும் விட்டுவைக்காது, மகளின் மிஸ்டரி நத்தையின் உணர்கொம்புகளையும் கடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஸீப்ரா லோச் அழகான மீன்தான், ஆனால் இயற்கையில் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டது, அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மீனைவிட அசாசின் நத்தை மேல். மஞ்சளும் கரும்பழுப்பும் கலந்த பட்டைகள் கொண்ட அது மற்ற நத்தைகளைப் பிடித்துத் தின்னும். ஆண் பெண் தனித்தனி என்பதாலும், முட்டையை ஒவ்வொன்றாகவே இடுவதாலும் மெதுவாகத்தான் பெருகும். ஆனால் மிஸ்டரி நத்தை இருக்கும் தொட்டியில் அதை விடத் துணியாதீர்கள், கூட்டமாகச் சேர்ந்தால் தன்னைவிடப் பெரிய நத்தையையும் தாக்கும். மகளின் நத்தைகள் இருக்கும்வரை வெள்ளரியும் கைச்சிக்கனமும்தான் வழி.

அடுத்தமுறை செடி வாங்கும்போது நேரே தொட்டியில் நடாமல், படிகாரம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, நன்கு அலசி, சில வாரங்கள் தனி வாளியில் வெளிச்சம் படும்படி வைத்துப் பாருங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் நத்தையைக் கொன்றாலும் கூழுக்குள் இருக்கும் முட்டைகளை எப்போதும் கொல்வதில்லை, ஆகவே வாளியில் காத்திருப்பதைத் தவிர்க்க முடியாது. பிளீச்சிங் கரைசல் முட்டையையும் அழிக்கும், ஆனால் உங்கள் வாலிஸ்னேரியா அதைத் தாங்காது. ஜாவா ஃபெர்ன் தாங்கிக்கொள்ளும்.